கூட வந்த பெரியம்மா

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருடைய மகனுக்கு நன்றாக இருக்காது. அந்த மகன் இன்றைக்கும் ஆனைமலைப் பக்கம் தேங்காய் வியாபாரிகளுக்கு நடுவே தலை நிமிர்ந்து நடக்கிற மனிதர். அந்த அம்மா எனக்கு உறவும் கிடையாது. முதல் நாளே ‘பெரியம்மா’ என்று வாயில் வந்துவிட்டது, அதுவே நிலைத்துவிட்டது.

அப்போது ஆனைமலையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துச் சந்தில் இ-சேவை மையம் வைத்திருந்தேன். மையம் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ரேகை வைக்கிற சின்னக் கருவி, வருகிறவர்கள் உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. விவசாயிக்கு அரசாங்கம் தருகிற பணம் எதுவானாலும் என் கடை வழியாகத்தான் போகிறது என்று ஊரில் ஒரு நினைப்பு. வராவிட்டால் பிடித்து வைத்திருப்பவன் நான்தான் என்று இன்னொரு நினைப்பு. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே, “ஏனுங்க, போன தடவை ஏறுச்சு, இந்தத் தடவை ஏறலீங்களே” என்று நிற்பார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். “டெல்லிக்குப் போயிக் கேளுங்க” என்று எரிந்து விழுவேன்.

அப்படி எரிந்து விழுந்த ஒரு காலையில்தான் பெரியம்மா வந்தார். அறுபதை ஒட்டிய வயது, ஒடிசலான உடம்பு, கையில் வயர் கூடை. அவர் வேலையாக வரவில்லை. கொஞ்சம் மானாவாரிக் காடும் மிச்சத்துக்குக் கூலி வேலையுமாகப் பிழைக்கிற ஓர் அம்மாவுக்குத் துணையாக வந்திருந்தார். விவசாயிகள் உதவித்தொகை தொடர்ந்து வரவேண்டுமானால் கைரேகை வைத்து உறுதி செய்ய வேண்டும். அந்த அம்மாவுக்குக் களை வெட்டி வெட்டி ரேகையே தேய்ந்துபோயிருந்தது. கருவி மறுத்துக்கொண்டே இருந்தது. “நாளைக்கு வாங்க” என்றேன்.

“நாளைக்கு மட்டும் புது வெரலு மொளைக்குமுங்களா கண்ணு?” என்று பெரியம்மா கேட்டார். குரலில் எகத்தாளம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருந்தது. என் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மாவின் கட்டைவிரலைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து மெதுவாகத் தேய்த்தார். கொஞ்சம் சூடேறியதும், “இப்ப வெச்சுப் பாருங்க” என்றார். விழவில்லை. மறுபடியும் தேய்த்தார். அவர்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கடைசியில் அந்த ரேகை விழுந்தபோது வரிசையில் நின்றவர்களே சத்தமாகச் சிரித்தார்கள்.

கிளம்பும்போது, “நீங்க எந்த வேலையா வந்தீங்க பெரியம்மா?” என்று கேட்டேன்.

“எனக்கு ஒரு வேலையும் இல்லீங்க. சும்மா கூட வந்தேன்.”

அவ்வளவுதான் அவர். அதற்கப்புறம் எத்தனையோ பேரோடு வந்துவிட்டார், தன் வேலையாக வந்ததே இல்லை. கால்வாய்ப் பக்கம் தென்னந்தோப்பு, மகன் பெயரில் பட்டா, கல்யாணமாகாத மகனோடு பெரிய வீடு. அரசாங்கத்திடம் கேட்டு வாங்கவேண்டிய தேவை அவருக்கு எதுவும் இல்லை. ஆனால் ஊரில் யாராவது ஆபீஸ், பேங்க் என்று கிளம்பினால், “இருங்க, நானும் கூட வாரேன்” என்று கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் நிற்பார்.

கூட வந்தாரே, விவரம் தெரிந்தவரா என்றால் அதுவும் இல்லை. பயிர்க் காப்பீடும் மானியமும் ஒன்று என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். சொட்டுநீர் மானியத்துக்குச் சிறு குறு விவசாயி சான்று வேண்டும் என்று நான் விளக்கியபோது, “அதென்னுங்க சிறுசுக்கும் குறுசுக்கும் தனித்தனியா ஆபீசரு இருக்கறாங்களா?” என்று கேட்டவர். எதற்கும் வாதாட மாட்டார், யாருக்காகவும் பேச மாட்டார். அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வேலை முடியாமல் எழுந்து வர மாட்டார்.

உட்காருவதிலும் ஒரு மரியாதை. நானே ஒருமுறை பார்த்தேன். ஓர் ஆபீசில் ஒருவருடைய கோப்பு நகரவேயில்லை. கிளார்க், “சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார், வர நேரமாகும், போயிட்டு அப்புறம் வாங்க” என்றார். “வரட்டுங்க, எங்களுக்கென்னுங்க அவசரம்” என்று பெரியம்மா பெஞ்சில் அமர்ந்தார். மத்தியானம் ஆனதும் கூடையைத் திறந்தார். புளிச்சோறு, கொள்ளுத் துவையல், வாழையிலைத் துண்டுகள். கூட வந்தவருக்கு ஒரு இலை, தனக்கு ஒரு இலை. மூன்றாவது இலையை அந்தக் கிளார்க்கின் மேசையில் விரித்தார். “பசியோட வேலை செய்யாதீங்க சாமி. சித்தெ சாப்புடுங்க.” அந்த ஆள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். பெரியம்மா விடவில்லை. சாப்பிட்டு முடிப்பதற்குள் அவருக்கு எத்தனை குழந்தைகள், மனைவிக்குச் சொந்த ஊர் எது, வீட்டுக் கடன் எவ்வளவு நாள் பாக்கி எல்லாம் பெரியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சோறு போட்டவரை எதிரில் உட்காரவைத்துவிட்டு அவர் எப்படிக் கோப்பை மூடிவைப்பார்? உள்ளே போய் வேறொருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

“இது லஞ்சமில்லீங்களா பெரியம்மா?” என்று வெளியே வந்ததும் சீண்டினேன்.

“பசிக்கறவருக்குச் சோறு போட்டா லஞ்சமுங்களா? அப்பறம் அன்னதானம் போடற சாமியெல்லாம் ஜெயிலுக்குத்தான் போவோணும்” என்றார்.

ஒருமுறை வால்பாறைக்கே போனார். எஸ்டேட்டில் வேலை பார்த்த கணவன் இறந்து, தாய்வீட்டோடு கீழே வந்துவிட்ட ஒரு பெண்ணுக்கு இறப்புச் சான்று வேண்டியிருந்தது. பெரியம்மாவுக்கு மலைப்பாதை ஆகாது. கொண்டை ஊசி வளைவு தொடங்கும் முன்பே குமட்டும். இரண்டு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டே போனாராம். கூடப் போன பெண்தான் வழியெல்லாம் இவரைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க தொணைக்குப் போனீங்களா, அவங்க உங்களுக்குத் தொணைக்கு வந்தாங்களா?” என்று நான் கேட்டதற்கு, “ரெண்டும் ஒண்ணுதானுங்க. புருசன் செத்த எடத்துக்குப் போறாங்க. அழுகறதுக்கு நேரமில்லாமப் போச்சில்லோ” என்றார். அன்று நான் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது.

குறை இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. ஊர் வம்பு முழுக்கத் தெரியும். காத்திருக்கும் இடத்தில் குறட்டை விட்டுத் தூங்குவார். கல்யாணம் ஆகாத ஆபீசர் யாரையாவது கண்டால் உடனே பெண் பார்க்க ஆரம்பித்துவிடுவார். எல்லோரையும் ‘வாங்க போங்க’ என்றுதான் பேசுவார், தோட்டத்து வேலைக்கு வருகிறவர்களையும் அப்படித்தான். அது சில உறவுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இனி மரியம்மாள் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

மரியம்மாள் குடும்பம் தலைமுறையாகப் பண்ணையத்துக்கு, அதாவது தோட்டக் கூலி வேலைக்கு, போனவர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர்கள். பெரியம்மாவின் தோப்பில் கால்வாயை ஒட்டிய ஒரு துண்டை வாரத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடு அவர்களுடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. எழுத்தில் எதுவும் கிடையாது. எங்கள் பக்கம் குத்தகையை, வாரத்தை யாரும் எழுதித் தர மாட்டார்கள். எழுதிக் கேட்டால் நம்பிக்கை இல்லையா என்று கோபித்துக்கொள்வார்கள். எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

அந்தத் துண்டில் தென்னைக்கு வாடல் நோய் வந்தது. மட்டை தொங்கி, ஓலை மஞ்சளாகி, காய்ப்பு நின்றுபோனது. அந்த மாதிரி மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைத்தால் அரசாங்கம் மானியம் தரும். ஆனால் முதலில் வெட்டி, தூரைத் தோண்டி, கன்று நட்டுக் காட்ட வேண்டும். அதிகாரிகள் வந்து பார்த்துப் படம் எடுத்த பிறகுதான் பணம். அதுவும் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்கு. பெரியம்மாவின் மகன் மரியம்மாளிடம், “நீங்க செலவு பண்ணி வைங்க, மானியம் வந்ததும் உங்களுக்கே குடுத்தர்றேன்” என்று சொல்லியிருந்தார். மரியம்மாள் மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த சங்கிலியை அடகு வைத்து வேலையை முடித்தார். விண்ணப்பம் மகன் பெயரில் இருந்தாலும் அதற்கு என் கடைக்கு அலைந்தது மரியம்மாள்தான்.

மாதங்கள் போயின. “பணம் இன்னும் ஏறலீங்க” என்றே மகன் சொல்லிக்கொண்டிருந்தார். சங்கிலியை ஏலம் விடப்போவதாக அடகு வைத்த இடத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. அதைக் கேட்டதும் பெரியம்மா, “ஆபீசுலதான் எங்கியோ நின்னுபோச்சாட்ட இருக்குது. வாங்க, கூட வாரேன், பாத்துப்போடலாம்” என்று மரியம்மாளை என் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மரியம்மாள் தந்த விண்ணப்ப எண்ணைத் தட்டினேன். பணம் போட்டு வெகு நாளாகியிருந்தது. பெரியம்மா மகனின் கணக்குக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் தடுமாறினேன். மரியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏறிருச்சுங்க” என்றேன். “எப்பவோ ஏறிருச்சு.”

மரியம்மாள் தரையைப் பார்த்தார். வரிசையில் நின்ற வெளியூர்க்காரர் ஒருவர், நடுவில் உட்கார்ந்திருப்பது யாருடைய தாய் என்று தெரியாமல் பேச ஆரம்பித்தார். “பணத்த வாங்கிப் போட்டுக்கிட்டு ஏமாத்தறாங்களா? மாசாணியாத்தா கோயல்ல மொளகா அரைச்சுப் பூசிப்போடுங்கம்மா. ஆத்தா கேப்பா.” அநியாயம் நடந்தவர்கள் அந்தக் கோயில் அம்மியில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசினால், செய்தவனை ஆத்தா எரித்துவிடுவாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

“நாங்க சர்ச்சுக்குப் போறவங்கங்க” என்று மரியம்மாள் முனகினார்.

“அதனால என்னுங்க? ஆத்தா அதெல்லாம் பாக்கறாளா?”

பெரியம்மா எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. “வாங்க மரியம்மா, போலாம்.”

“எங்கீங்கம்மா?”

“பணம் எங்க இருக்குதோ அங்கதானுங்க போவோணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “கண்ணு, நீங்களும் வாங்க. கம்ப்யூட்டர்ல பாத்தது நீங்கதானுங்களே.”

வியாபார நேரத்தில் கடையைச் சாத்துவது எனக்குப் பிடிக்காத வேலை. முணுமுணுத்துக்கொண்டேதான் சாத்தினேன். ஆட்டோ பிடித்து மூவரும் போனோம்.

பெரியம்மாவின் வீட்டு கேட் சும்மா சாத்தியிருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. வெளியே நின்றார். உள்ளே கட்டியிருந்த நாய் அவரைப் பார்த்துச் சங்கிலியை இழுத்துக் குதித்தது. அவர் குரல் கொடுத்தார்:

“ஏனுங்க, ஊட்டுல ஆருங்க?”

தன் வீட்டைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டார். மகன் கைப்பேசியும் கையுமாக வெளியே வந்தார். “ஏம்மா, சாவி உங்கிட்டத்தான இருக்குது? என்ன வெளையாட்டு இது?”

“வெளையாட்டில்லீங்க. மரியம்மா உங்களைப் பாக்கோணும்னாங்க. நான் கூட வந்திருக்கறனுங்க.”

காலையில் அதே மகனை ‘கண்ணு, சாப்புட வாடா’ என்று கூப்பிட்டிருப்பார். இப்போது ஒவ்வொரு சொல்லிலும் ‘ங்க’ போட்டுப் பேசினார். மகனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். “நீங்களுமாங்க?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“சரி, உள்ள வாம்மா. பேசிக்கலாம்.”

“மரியம்மா வந்தா நானும் வாரேனுங்க.”

மரியம்மாள் குடும்பத்தில் யாரும் இத்தனை தலைமுறையில் அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டியது கிடையாது. “ஐயோ வேண்டாமுங்கம்மா, நான் அப்பறம் வந்துக்கறேனுங்க” என்று மரியம்மாள் பின்வாங்கினார். பெரியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்பறம்னா சங்கிலி போயிருமுங்க.”

உள்ளே போகாமல், காய் காயப்போடுகிற களத்து ஓரமாக, மட்டையுரித்த தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மகன் வந்து நின்று சொன்னார்: “பணம் வந்துச்சுங்க. இல்லேங்கல. மோட்டாருக்குக் கட்டிப்போட்டேன். அடுத்த மாசம் கொப்பரை போனதும் குடுத்தர்றேன்.”

“அப்பச் சரிங்க. அடுத்த மாசம் வரைக்கும் இங்கியே உக்காந்திருக்கறமுங்க” என்றார் பெரியம்மா.

மகன் கோபமாக உள்ளே போனார். மத்தியான வெயில் ஏறியது. பெரியம்மா கூடையைத் திறந்தார். காலையில் அந்த வீட்டு அடுப்பிலேயே ஆக்கிய சோறு. மரியம்மாள் தன் தூக்குப்போசியைத் திறந்தார், அதில் ராகிக் களியும் கீரைக் குழம்பும். பெரியம்மா தன் சோற்றை எங்கள் இருவருக்கும் போட்டுவிட்டு, களியை வாங்கிக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார். தேங்காய் ஏற்ற வந்த லாரிக்காரர்கள் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நாலு இலை போடத் தெரிந்தவர், அன்று உள்ளே நின்ற மகனுக்கு இலை போடவில்லை. ஆனால் கண் அந்தக் கதவிலேயே இருந்தது. உள்ளே மகனும் சாப்பிடவில்லை என்பது பெரியம்மாவுக்குத் தெரியும். களியைத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினார்.

பொழுது சாயும் வரை அப்படியே இருந்தோம். பிறகு மகன் வந்தார். லாரிக்காரரிடம் தனியே ஏதோ பேசினார். அன்று ஏற்றிய காய்க்குப் பணத்தை உடனே வாங்கி, மரியம்மாளிடம் கணக்கு எண்ணைக் கேட்டு, கைப்பேசியிலேயே முழுவதையும் அனுப்பினார். மரியம்மாளின் பட்டன் போன் சத்தம் போட்டது. நான் வாங்கிப் பார்த்து, “ஏறிருச்சுங்க” என்றேன். மகன் அம்மாவைப் பார்க்காமலே, “போதுமா? ஊரே சிரிக்கும். சந்தோசமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

பெரியம்மா அப்போதும் வீட்டுக்குள் போகவில்லை. மரியம்மாளை அவர் வீடு வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய் விட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

சங்கிலி மீண்டது. அந்தத் துண்டையும் மகன் பிடுங்கவில்லை, வாரம் பழையபடியே நடந்தது. ஆனால் பெற்ற தாயே மானத்தை வாங்கிவிட்டாள் என்று உறவில் எல்லோரிடமும் சொல்லி ஆற்றிக்கொண்டார் என்று கேள்வி. பெரியம்மாவைச் சில வாரம் கடைப்பக்கம் காணவில்லை. பிறகு ஒரு நாள் வழக்கம்போல யாருக்கோ துணையாக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். கூட வந்தவர் நகல் எடுக்க எதிர்க்கடைக்குப் போன நேரத்தில் கேட்டேன்:

“பெரியம்மா, அன்னைக்கு அந்த ஆளு மொளகா அரைக்கறதைப் பத்திச் சொன்னானே, அதுக்குப் பயந்துட்டீங்களா?”

“பயம் இல்லாம இருக்குமுங்களா? ஆனா அதுக்கோசரம் போகலீங்க.”

“பின்ன? பெத்த மகனை உட்டுப்போட்டு மரியம்மா கூடப் போய் நின்னீங்களே. எனக்கெல்லாம் அது ஆகாதுங்க.”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“மரியம்மாளுக்கு என்னுங்க கண்ணு? நாயம் அவங்க பக்கம். நீங்க வந்தீங்க. நானில்லாட்டியும் இன்னும் நாலு பேரு வந்திருப்பாங்க. எம் பையன் பக்கம் ஆருங்க இருந்தா? தப்பைப் பண்ணிப்போட்டு, வெளிய சொல்ல முடியாம, அத்தன நாளு ஒண்டியா நின்னுட்டிருந்திருக்கறான். ஒரே ஊட்டுக்குள்ள இருந்துட்டு எனக்குத் தெரியலையே. நான் அவனுக்குத்தானுங்க கூடப் போனேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னும் எங்கூடப் பேசறதில்லீங்க. வெடியால காப்பி வெச்சுக் குடுத்தா வாங்கிக் குடிச்சுப்போட்டுப் போயர்றான். நிமிந்து பாக்கறதில்லை. பேசாட்டிப் போறான் கண்ணு. பேசற அன்னைக்குப் பேசட்டும். அதுவரைக்கும் கூட இருக்கறேனல்லோ.”

நான் பிரிண்டரைக் கவனிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். அதில் அப்போது எந்தத் தாளும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.